தாலின் வழியாக, ரீகா வழியாக

வல்கா, எஸ்தோனியப் பக்கம்
12 ஜூலை 2022

சொல்விதா,

உங்கள் நாட்டுக்குப் புத்தி வந்துவிட்டதாம், செய்தியில் சொன்னார்கள். கட்டாய ராணுவச் சேவையை ஒழித்துவிட்டுப் பதினைந்து வருடம் குறட்டை விட்டவர்கள், உக்ரைனில் குண்டு விழுந்த சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்திருக்கிறீர்கள். லாத்வியாவில் மறுபடியும் எல்லா இளைஞர்களையும் படைக்கு அழைக்கப் போகிறார்களாமே. கேட்டதும் ஒரு பீரைத் திறந்தேன். வெகுநாளுக்குப் பிறகு பீர் ருசித்தது.

இரண்டு வருடத்துக்கு முன் கொரோனா என்று சொல்லி நம் ஊரை இரண்டு நாடாகப் பிரிக்கிற நடுத்தெருவில் வேலி போட்டார்களே, நினைவிருக்கிறதா? அந்த வாரம் எமில் உன் வீட்டில் மாட்டிக்கொண்டான். வேலியை எடுத்தபோது என் மகன் திரும்பி வரவில்லை. அதற்குள் அவன் விலாசத்தையே உன் பக்கம் பதிந்துவிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "உங்க நாடு புள்ளைங்கள பதினெட்டு வயசுல புடிச்சிட்டுப் போயிடும். எங்க நாடு அப்படி இல்ல. நாங்க நாகரிகமானவங்க." அதோடு என் போன் எண்ணையும் தடுத்துவிட்டாய்.

இப்போது என்ன செய்யப் போகிறாய், நாகரிகமானவளே? அவனைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவைத் தாண்டுவாய்?

போனை எடுக்க மாட்டாய், கதவையும் திறக்க மாட்டாய் என்பதால் தபாலில் போடுகிறேன். என் மாடியிலிருந்து உன் சமையலறை விளக்கு தெரிகிறது. நடந்தால் பத்து நிமிடம். ஆனால் இது வெளிநாட்டுக் கடிதம் அல்லவா, வடக்கே தாலினுக்குப் போய், அங்கிருந்து தெற்கே ரீகாவுக்குப் போய், மெதுவாக உன் வாசலுக்கு வரும். இரண்டு தலைநகரையும் பார்த்துவிட்டு வரட்டும். எழுதுவது வழக்கம்போல ரஷ்ய மொழியில். உன் மொழி எனக்கு வராது, என் மொழி உனக்கு வராது. நாம் காதலித்தது, கல்யாணம் செய்தது, வக்கீலிடம் போனது எல்லாமே இருவருக்கும் பிடிக்காத இந்த மொழியில்தான்.

மேலிஸ்


வல்கா, லாத்வியப் பக்கம்
30 ஜூலை 2022

மேலிஸ் அவர்களுக்கு,

உங்களை இனி 'நீங்கள்' என்றுதான் எழுதுவேன். மரியாதை என்று நினைத்து மகிழ்ந்துவிட வேண்டாம். தள்ளி நிற்பதற்காக.

நீங்கள் ருசித்துக் குடித்த அந்த பீர் எங்கள் பக்கத்துக் கடையில் வாங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் அரசு போடும் வரிக்குப் பயந்து வண்டி வண்டியாக ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள். நான் வேலை செய்கிற பல் மருத்துவமனைக்கும் உங்கள் ஊர்க்காரர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்தபடியே லாத்வியனுக்குக் காலில் ஆறு விரல் என்று நகைச்சுவை வேறு. ஊசியை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது வந்திருப்பது அறிவிப்பு மட்டும். சட்டம் இல்லை. எங்கள் அரசியல்வாதிகள் அறிவித்ததையெல்லாம் செய்திருந்தால் ரீகாவுக்கு வேக ரயில் எப்போதோ ஓடியிருக்கும்.

எங்கள் நாடு தூங்கியது என்கிறீர்கள். என் அண்ணன் உல்டிஸை உங்களுக்குத் தெரியும், புகைப்படத்தில். சோவியத் படையில் கஜகஸ்தானுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது துத்தநாகச் சவப்பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டான். விபத்து என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. அவனோடு இருந்த பையன் ஒருவன் பின்னால் வந்து என்ன விபத்து என்று சொன்னான். பழைய சிப்பாய்கள் புதுப் பையன்களை அடித்து விளையாடுவார்களாம். 'ஆர்மிக்குப் போனாதான்டா ஆம்பளை ஆவ' என்று சொல்லி அவனை ரயிலேற்றியவர் என் அப்பா. அடக்கத்துக்கு அவர் வரவே இல்லை. அம்மா முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் மரக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அம்மா அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள்.

அதனால்தான் எங்கள் நாடு கட்டாயச் சேவையை ஒழித்து, கடைசிப் பையன்களும் வீடு திரும்பினார்கள் என்று செய்தி வந்த அன்று, உல்டிஸின் படத்தை அம்மா அலமாரிக்குள்ளிருந்து எடுத்து வெளியே மேசை மேல் வைத்தாள். அதை நீங்கள் குறட்டை என்கிறீர்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

சொல்விதா


வல்கா, எஸ்தோனியப் பக்கம்
21 ஆகஸ்ட் 2022

சொல்விதா,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். உல்டிஸைப் பற்றி நான் ஒரு நாளும் தப்பாகப் பேசியதில்லை, இனியும் பேச மாட்டேன். ஆனால் துத்தநாகப் பெட்டி உங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. எங்கள் தெருவுக்கும் வந்தது. இரண்டு நாடும் ஒரே சிறையில் ஒரே கஞ்சியைக் குடித்தவர்கள்தான். நாட்டின் அளவும் அதே அளவு, மழையும் அதே மழை, பக்கத்து வீட்டுக்காரனும் அதே கரடி. அப்படியிருக்க, வெளியே வந்ததும் நாங்கள் ஏன் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை, நீங்கள் ஏன் வைத்தீர்கள்?

நான் சொல்கிறேன். 1940-இல் ரஷ்யப் படை உள்ளே வந்தபோது என் தாத்தா இதே ஊர்ப் பாசறையில் சிப்பாய். மேலிடத்து உத்தரவுப்படி துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, வரிசையில் நின்று, ஒப்படைத்துவிட்டு வந்தார். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பிறகு சைபீரியா. திரும்பி வந்த மனுஷர் சாகும்வரை ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "தொடச்சில்ல குடுத்தேன், தொடச்சிக் குடுத்தேனே." எங்கள் வீட்டில் வளர்ந்த ஒவ்வொருவனுக்கும் அது தெரியும். எங்கள் நாட்டில் பாதி வீட்டில் இப்படி ஒரு கதை உண்டு.

உங்கள் நாட்டில் என்ன நடந்தது? தலைவர் வானொலியில் வந்து, நான் என் இடத்தில் இருக்கிறேன், நீங்கள் உங்கள் இடத்தில் இருங்கள் என்றார். எல்லாரும் சமர்த்தாக இருந்தீர்கள். இன்னும் அப்படியே இருக்கிறீர்கள். அதற்கு முந்தைய 1919 சண்டையிலும் சேசிஸ் ஊரை மீட்க எங்கள் ஆட்கள்தான் உங்கள் மண்ணுக்கு வந்து ரத்தம் சிந்தினார்கள். இங்கே அந்த நாளை வெற்றித் திருநாள் என்று கொண்டாடுகிறோம். நீங்களோ அன்றைக்குச் சீரகப் பாலாடைக்கட்டி கிண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

எமில் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு வருகிறான், குளிக்கிறான், போகிறான். அவனுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

மேலிஸ்


வல்கா, லாத்வியப் பக்கம்
11 நவம்பர் 2022

மேலிஸ் அவர்களுக்கு,

இன்றைக்கு எங்கள் படைவீரர் நாள். நாங்களும் சண்டை போட்டோம் என்பதற்குச் சாட்சியாக ஊர் முழுக்க மெழுகுவத்தி எரிகிறது. உங்கள் மாடியிலிருந்து தெரியும். பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் பின்லாந்து என்று ஒரு அண்ணன் இருந்தான். மொழியும் பாதி உங்கள் மொழி. படை எப்படிக் கட்டுவது என்று அவன் கையைப் பிடித்துக் கற்றுக்கொண்டீர்கள். எங்களுக்கு யார் இருந்தார்கள்? நேட்டோவில் சேரப் போனபோது பெரிய நாட்டுக்காரர்கள் வந்து, உங்களுக்கு எதற்குப் பெரும்படை, சின்னதாக, சம்பளத்துக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடியதாக ஒன்று போதும் என்றார்கள். சொன்னதைச் செய்து நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினோம். நீங்கள் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டீர்கள். அது தைரியம் இல்லை மேலிஸ், எஸ்தோனியப் பிடிவாதம். நான் அதோடு பதினோரு வருடம் குடித்தனம் செய்தவள்.

இன்னொன்றும் உண்டு, எங்கள் அரசியல்வாதிகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பையன்களில் மூன்றில் ஒருவன் வீட்டில் ரஷ்ய மொழி பேசுகிறவன். எல்லார் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துப் பழக்க அவர்களுக்கு நடுக்கம். உங்கள் பக்கமும் இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கிறார்கள். படைக்கு வந்தால் நம் மொழியைக் கற்பான் என்று நீங்கள் நினைத்தீர்கள். படைக்கு வந்தால் நம் துப்பாக்கியைக் கற்பான் என்று நாங்கள் நினைத்தோம். எது சரி என்று தெரிய யாராவது சண்டைக்கு வர வேண்டும். வராமலே இருக்கட்டும்.

எமிலுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். இத்தனை நாள் ஒன்றும் சொல்லவில்லை. இன்று சொன்னேன். நானும் நீயும் எப்படிச் சந்தித்தோம் என்று சொன்னேன். 1994-ஆம் வருடம், எஸ்தோனியா புதிதாய்ப் படை கட்டி உன்னைக் கூப்பிட்ட மாதத்தில், இந்தத் தெருவைத் தாண்டி வந்து எங்கள் பண்ணையில் ஆப்பிள் பறிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு நின்றாயே, அதைச் சொன்னேன். குளிர்காலம் வந்து ஆப்பிள் தீர்ந்த பிறகும் நீ போகவில்லை. உன்னைத் தேடிக் கடிதம் வந்தபோதெல்லாம் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று என் அம்மா வாசலில் நின்று பொய் சொன்னாள். துத்தநாகப் பெட்டியைப் பார்த்தவள் வேறென்ன சொல்வாள்? அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட நீ, இன்றைக்கு ஊர்க்காவல் படைச் சீருடையை மாட்டிக்கொண்டு எங்களுக்கு வீரம் படிப்பிக்கிறாய்.

பாருங்கள், 'நீ' என்று வந்துவிட்டது. இனி வராது.

சொல்விதா


வல்கா, எஸ்தோனியப் பக்கம்
15 ஜனவரி 2023

சொல்விதா,

கடிதம் கிடைத்து வெகுநாள் ஆகிறது. உடனே எழுதியிருந்தால் தபால்காரர் அதைத் தொட்டிருக்க மாட்டார், அப்படி எழுதியிருப்பேன்.

நீ அவனை என்னிடமிருந்து இரண்டாவது தடவையாகப் பிடுங்கிக்கொண்டாய். போன சனிக்கிழமை குளியலறைப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டான். "ஏம்ப்பா, நீங்க ஆப்பிள் பறிக்கத்தான் போனீங்களா?" நான் கல்லில் தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழும்பியது. அவன் விடவில்லை. "எத்தன கூடை பறிச்சீங்க?" சிரித்தான். திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

அவனிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் உன்னிடம் எனக்கு மரியாதை காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை. நான் ஓடியது படையைக் கண்டு இல்லை. அது படையே இல்லை. கொடியும் தொப்பியும் எங்களுடையவை. அதிகாரி சோவியத் முகாமில் வளர்ந்தவன். அடி அதே அடி. எனக்கு முந்தின வருடம் போன என் நண்பன் ஆந்த்ரெஸ் ஒரு காது கேட்காமல் திரும்பி வந்தான். புதிதாய்க் கட்டுகிற படையில் பழைய வியாதிதான் முதலில் குடிவரும். பிறகு பின்லாந்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிப்பாயைத் தொட்ட அதிகாரியை வெளியே தள்ளினார்கள். வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். இன்று எங்கள் பையன்கள் எட்டு மாதம் போய்விட்டுத் தோழர்களோடு திரும்பி வருகிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நான் அந்தச் சீருடையை மாட்டினேன்.

இதை ஆப்பிள் கூடையோடு சேர்த்து அவனிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

மேலிஸ்


வல்கா, லாத்வியப் பக்கம்
17 ஏப்ரல் 2023

மேலிஸ் அவர்களுக்கு,

சட்டம் வந்துவிட்டது. நீங்கள் பீரைத் திறந்து முடித்த பிறகு தொடர்ந்து படியுங்கள்.

2004 ஜனவரி முதல் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் கட்டாயம். அதற்கு முந்தின நாள் பிறந்தவனுக்குக்கூட இல்லை. எமில் கிறிஸ்துமஸுக்குப் பிறக்க வேண்டியவன். டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார், நான் பெட்டியெல்லாம் கட்டி வைத்தேன். அவன் அசையவில்லை. கிறிஸ்துமஸ் போய், புது வருட வாணவேடிக்கையும் முடிந்து, ஜனவரியில் சாவகாசமாக வந்தான். அன்றைக்கு நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள், "எஸ்தோனியன்டி, எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டான்." உங்கள் ரத்தத்தின் சோம்பல் இருபது வருடம் கழித்து என் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

விருப்பப்பட்டு வருகிறவர்கள் போதாவிட்டால் கணினியில் குலுக்கிப் பெயர் எடுப்பார்களாம். பதினொரு மாதம். முகாமுக்கு இப்போதுதான் கட்டிலே வாங்குகிறார்கள். பயிற்சி கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் ஜனவரிக் கடிதத்தை நான் கிழித்துப் போடவில்லை. புதிதாய்க் கட்டுகிற படையில் பழைய வியாதி முதலில் குடிவரும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. எங்கள் படைதான் இப்போது புதிது. உங்களுடையது முப்பது வருடம் ஓடித் திருந்தியது. வெளிநாட்டில் வசிப்பவர்களை எங்கள் குலுக்கலில் சேர்க்க மாட்டார்கள். அவனுக்குத்தான் இரண்டு நாட்டுக் குடியுரிமையும் இருக்கிறதே, விலாசத்தை மறுபடி உங்கள் வீட்டுக்கு மாற்றிவிட்டால், போகத்தான் வேண்டுமென்றால், அங்கே போகட்டும். உங்கள் பக்கம். எட்டு மாதம். அடிக்காத அதிகாரிகளிடம்.

வீட்டு உரிமையாளர் சம்மதம் என்று நீங்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இணைத்திருக்கிறேன். எமிலிடம் இப்போது சொல்ல வேண்டாம். தாள் கைக்கு வந்ததும் நான் பேசிக்கொள்கிறேன். இதை எழுத எனக்கு எவ்வளவு கசந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்து சந்தோஷப்படுங்கள், ஆனால் சீக்கிரம் அனுப்புங்கள்.

சொல்விதா


வல்கா, எஸ்தோனியப் பக்கம்
14 மே 2023

சொல்விதா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை நம்ப முடியவில்லை. இரண்டாவது தடவை நம்பினேன். மூன்றாவது தடவை சும்மா, ருசிக்காக.

வேலி போட்ட வாரத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு போனாய், எஸ்தோனியப் படை காட்டுமிராண்டித்தனம் என்று. இப்போது அதே படையில் இடம் போட்டுத் தரச் சொல்கிறாய். கடையில் வாங்கிய செருப்பா, கடிக்கிறது என்றால் திருப்பிக் கொடுக்க?

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதலில் நீ ஒன்று எழுதிக் கொடு. 'எஸ்தோனியா செய்தது சரி, லாத்வியா செய்தது தப்பு' என்று, உன் கையால், கீழே உன் பெயரோடு. வக்கீல் முன்னால் நீ என்னை என்னவெல்லாம் சொன்னாய், எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாளர் நிதானமாகத் திருப்பிச் சொன்னார். அதற்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு வரி போதும்.

மேலிஸ்


வல்கா, லாத்வியப் பக்கம்
22 ஜூன் 2023

மேலிஸ் அவர்களுக்கு,

ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். நீங்களாக வெட்கப்பட்டு அனுப்புவீர்கள் என்று பார்த்தேன். அனுப்பவில்லை.

எஸ்தோனியா செய்தது சரி. லாத்வியா செய்தது தப்பு. சொல்விதா கல்னிஞா எழுதியது.

போதுமா? கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏன் சரி என்று நீங்கள் நினைக்கிறீர்களே, அது தப்பு. வீரத்தால் இல்லை. உங்கள் வீட்டில் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்த மனுஷர் உட்கார்ந்து புலம்பினார், எங்கள் வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அம்மா உட்கார்ந்து அழுதாள். அவரவர் வீட்டு அழுகையைக் கேட்டு அவரவர் சட்டம் போட்டோம். உங்கள் படையும் எங்கள் படை மாதிரியே அழுகித்தான் கிடந்தது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைத் தூக்கிப் போடாமல் கழுவினீர்கள், கழுவச் சொல்லித்தர ஒருவன் கிடைத்தான். நாங்கள் தூக்கிப் போட்டோம். இப்போது முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம், அந்த முதலில் என் பிள்ளை நிற்கிறான்.

நாளை முதல் இரண்டு பக்கமும் கோடைத் திருநாள் விடுமுறை, தபால் ஓடாது. அதனால் இன்றே போடுகிறேன். தாளை உடனே அனுப்புங்கள். எமில் என்னிடம் எதையோ மறைக்கிறான். காலையில் எழுந்து ஆற்றங்கரையில் ஓடுகிறான்.

சொல்விதா


வல்கா, எஸ்தோனியப் பக்கம்
9 ஆகஸ்ட் 2023

சொல்விதா,

தாள் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் கடிதம் ஜூலை முதல் வாரமே வந்தது. உண்மையைச் சொன்னால், அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். எங்கள் ஊர்க்காவல் படைக்காரர்கள் பீர் குடிக்க வந்தபோது அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆந்த்ரெஸ் மட்டும் எழுந்துபோய் முழுக் கடிதத்தையும் படித்தான். கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "கையெழுத்துப் போட்டியாடா?" என்று கேட்டான். போடறேன்டா என்றேன். "போடறேன்னா? எப்போ?" அதற்குமேல் அவன் குடிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு ஏரிக்கரையில் பயிற்சி முகாம் இருந்தது, போய் வந்தேன். இன்று போடுகிறேன். அவன் அறையில் இருந்த சைக்கிள் சாமான்களை எடுத்துவிட்டேன். கட்டில் அப்படியே இருக்கிறது.

மேலிஸ்


வல்கா, லாத்வியப் பக்கம்
1 செப்டம்பர் 2023

மேலிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் தாளும் நேற்று வந்தன. உறையில் தாலின் முத்திரையும் இருக்கிறது, ரீகா முத்திரையும் இருக்கிறது. எமில் அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தான். சிரித்தான், நீங்கள் சொன்ன அதே சிரிப்பு.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் தபால்ல சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள நான் போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்."

எங்கே என்று கேட்டேன். "இங்கதான். நம்ம ஆர்மில. நானா விரும்பிச் சேர்ந்திருக்கேன். ஜனவரில போகணும்." போன வாரமே போட்டுவிட்டான். போன வாரம் இந்தத் தாள் தாலினில் ஏதோ சாக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் உங்கள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பக்கம் எட்டு மாதம்தான், அங்கே அடிக்க மாட்டார்கள், இன்றைக்கே விலாசத்தை மாற்றலாம், போட்ட கையெழுத்தை ரத்து செய்யலாம். கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான். "அப்பா தப்பிக்க அந்தப் பக்கத்துலேருந்து இங்க வந்தாரு. நீங்க என்னத் தப்பிக்க வெக்க இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்தீங்க. இப்போ திரும்ப அந்தப் பக்கம் போகணுமா? இந்த ஒரு தெருவ எத்தன தடவதாம்மா தாண்டறது? நான் இருக்கற எடத்துலயே இருக்கேன்."

எந்தத் தலைவர் எப்போது சொன்ன வார்த்தை அது என்று அவனுக்குத் தெரியுமோ என்னவோ. நீங்கள் அதைச் சொல்லித்தான் எங்களைக் கோழை என்றீர்கள். என் பிள்ளை அதைச் சொல்லிக்கொண்டு படைக்குப் போகிறான்.

உங்களுக்கு ஒரு வரி வேண்டியிருந்தது. அந்த ஒரு வரிக்காக மூன்று மாதம். ஊர்க்காரர்கள் சிரித்தார்களா? நன்றாகச் சிரித்தார்களா? உல்டிஸுக்கு நடந்தது இவனுக்கும் நடந்தால், உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உங்கள் முகத்தை எனக்குப் பார்க்க வேண்டாம். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

சொல்விதா


வல்கா, எஸ்தோனியப் பக்கம்
20 ஜனவரி 2024

சொல்விதா,

அவன் முகாமுக்குப் போகிற முந்தின நாள் இங்கே வந்தான். நீராவிக் குளியல் போட்டேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "ப்பா, பயமா இருந்தா ஆப்பிள் பறிக்க எங்கயாவது ஓடவா?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஓடு என்று சொல்ல என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன்.

வருடக்கணக்காகச் சேவை, சேவை என்று பேசியவன் நான். அவன் போன அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் முகாமில் எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒருத்தரும் இல்லை. அவன் உனக்குப் போன் செய்கிறான், எனக்குச் செய்வதில்லை. அடிக்கிறார்களா? அதை மட்டும் எழுது. என்னைத் திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

உன் கடிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

மேலிஸ்


வல்கா, லாத்வியப் பக்கம்
7 பிப்ரவரி 2024

மேலிஸ்,

உறையில் தபால்தலை இல்லாததைப் பார்த்திருப்பாய். நானே கொண்டுவந்து உன் பெட்டியில் போடுகிறேன். நீ வேலைக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் வருகிறேன், அதனால் ஜன்னலை எட்டிப் பார்த்துப் பயனில்லை. இந்தத் தெருவை நான் தாண்டி நாலு வருடம் ஆகிறது.

உன் கேள்விக்குப் பதில்: அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். கால் கொப்புளம், சாப்பாட்டில் பட்டாணி அதிகம், பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை. பயிற்சி கொடுக்கிறவர் எப்படி என்று கேட்டேன். "கத்துவாரும்மா. ஆனா யார் மேலயும் கை வெச்சதில்ல. ஒருத்தன் ஒரு புதுப் பையனத் தள்ளினான், அன்னைக்கே அவன கேம்ப்ப விட்டு அனுப்பிட்டாங்க." நான் மறுபடி மறுபடி கேட்டேன். அவனுக்கு அலுத்துவிட்டது. இன்னும் நான் முழுசாக நம்பவில்லை. நீயும் நம்பிவிடாதே.

வருகிற சனிக்கிழமை உறுதிமொழி எடுக்கிறார்கள். பெற்றோர் வரலாம். உன்னைக் கூப்பிடச் சொல்லி அவன் என்னிடம் சொன்னான். நீயே கூப்பிட்டுக்கொள்ளேன் என்றேன். "தபால்ல போட்டா வந்து சேராதும்மா" என்றான்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. சுவரையும் மறக்கவில்லை, அந்த மூன்று மாதத்தையும் மறக்கவில்லை. ஆனால் அங்கே மைதானத்தில் என் பிள்ளை சீருடையில் விறைத்து நிற்பதைப் பார்க்கப் போகிறேன், எனக்கு அங்கே உல்டிஸ்தான் தெரிவான். என் அம்மா தனியாக நின்றதை நான் பத்து வயதில் பார்த்தேன். என்னால் அப்படி நிற்க முடியாது. அனுப்பி வைத்த என் அப்பா கொட்டகையில் ஒளிந்துகொண்ட மாதிரி நீயும் ஒளிந்துகொண்டாயானால், மேலிஸ், இதுவரை நான் உனக்கு எழுதியதெல்லாம் கொஞ்சல் என்று நினைக்கும்படி இன்னொரு கடிதம் எழுதுவேன்.

சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வா. ஹாரன் அடிக்காதே. உன் ஊர்க்காவல் படைத் தொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வா. நான் பின் சீட்டில் உட்காருவேன். வழியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது, எஸ்தோனியாவைப் பற்றியும் கூடாது, லாத்வியாவைப் பற்றியும் கூடாது. அங்கே போய் இறங்கியதும் என் பக்கத்தில் நில்.

உன் தபால் பெட்டிக்கு மூடி உடைந்திருக்கிறது. உள்ளே பனி விழுகிறது. சரி பண்ணு.

சொல்விதா